அத்தானின் பச்சைப் பாய்

என் பிரியத்துக்கும் பரிகாசத்துக்கும் என்றைக்கும் உரிய தாணு அத்தானுக்கு,

முதலில் ஊர்ச் செய்தி. கன்னிப்பூ நெல்லறுப்பு முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே உள்ள வயல் முழுக்க அரிதாளோடு கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் எனக்குப் போன் வந்திருக்கும். "உழவுக்கு முந்தி ரெண்டு ஆட்டம் போட்டிரலாம் மாப்பிளே, சட்டுன்னு வா" என்பீர்கள். நான் மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடையைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்து நெளித்து இரணியல் வந்து சேர்வேன். உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தேன் என்று இதுவரை நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அக்கா வைக்கிற உள்ளித்தீயல் குழம்புக்காக வந்தேன்.

இந்த அறுப்புக்குப் போன் வரவில்லை. கடையில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன மறுவாரம் பேப்பரில் படம் போட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உங்கள் படத்துக்குக் கீழே 'மீளாத் துயரில்' என்று போட எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருந்தபோது உங்களிடம் ஒருநாளாவது நான் மரியாதையாகப் பேசியிருக்கிறேனா? செத்த பிறகு ஆரம்பித்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அதனால் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. தை மாதம் நம் வீட்டில் ஒரு காரியம் நடக்கப்போகிறது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அந்த நாலு பேருக்காகக் கொஞ்சம் பழங்கதை. நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பகவதியின் கணவர் சிவதாணு, இருபத்தெட்டு வருடம் வளைகுடா நாட்டில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே கோல்ஃப் மைதானம் இருந்தது. பாலைவனத்தில் புல்லுக்கு எங்கே போவது? மைதானம் முழுக்க மணல். குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் கலந்து இறுக்கி வைத்த மணல். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு பச்சைப் பாயைக் கையோடு கொண்டு போவார்கள். புல் மாதிரி செய்த பிளாஸ்டிக் பாய். பந்து போய் விழுந்த இடத்தில் பாயை விரித்து, பந்தை அதன்மேல் எடுத்து வைத்து, அடுத்த அடி. ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று மேலதிகாரி அத்தானைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் கம்பளியும் டார்ச்சும் கொண்டுவருவார்கள். நீங்கள் ஒரு பை நிறைய மட்டையும், நடுவில் வழுக்கை விழுந்த அந்தப் பச்சைப் பாயும் கொண்டு வந்து இறங்கினீர்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான்தான் கேட்டேன், "வாசலுக்குக் கால்மிதி நம்ம ஊர்லயே கிடைக்குமே அத்தான்" என்று.

கேலி செய்த வாயோடு, உங்கள் பையைச் சுமக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அறுத்த வயலில் குழி தோண்டி, குச்சி நட்டு, துணி கட்டி ஆடினீர்கள். பந்து பாதி நேரம் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் போய்விடும். தோட்டக்காரர் குலை வெட்டும்போது சீப்புக்கு நடுவில் பந்து இருந்தால், இரண்டு சீப்புப் பழத்தோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். உங்கள் ஆட்டத்தால் உங்கள் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் அதுதான்.

அரிதாளிலும் நீங்கள் அந்தப் பாயை விரித்துத்தான் அடிப்பீர்கள். பையை நான் சுமந்தேன், பாயை மட்டும் ஒருநாளும் சுமந்ததில்லை. அந்தத் துண்டுப் பாயை அக்குளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நீங்களும் வற்புறுத்தியதில்லை. நீங்களே சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பீர்கள்.

அக்கா இந்த ஆட்டத்துக்குள் வந்த விதம் உங்களுக்கு மறந்திருக்காது. காப்பி கொண்டு வந்தவள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை நீங்கள் தட்டத் தட்ட அது குழியைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இஞ்ச தாருங்கோ" என்று மட்டையை வாங்கி ஒரு தட்டு. பந்து உள்ளே. நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள், நான் படவில்லை. எங்கள் தெருவில் பையன்களின் கோலிக்குண்டுகளையெல்லாம் ஜெயித்து ஒரு டப்பா நிறைய வைத்திருந்தவள் அவள். வயசுக்கு வந்ததும் தெருவில் இறங்கக் கூடாது என்று அம்மா நிறுத்தினாள். அந்த டப்பாவில் பாதி என்னுடைய குண்டு. அப்போது இழந்தவன் எப்படி மறப்பேன்?

அதன்பிறகு தூரத்துக்கு அடிப்பது நீங்கள், குழிக்குள் தள்ளுவது அக்கா என்று ஆயிற்று. அப்படி ஒரு மாலையில்தான் நீங்கள் அந்த ஆசையைச் சொன்னீர்கள். இத்தனை வருடம் ஆடியும் உண்மையான புல்லில் ஒரு தடவைகூட அடித்ததில்லை, அடித்துப் பார்க்க வேண்டும், பகவதியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று. பை சுமக்க நான் வர வேண்டுமாம். அதைக் கேட்கக்கூட இல்லை, தீர்மானமே செய்துவிட்டீர்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்ய நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இந்த ஆட்டம் பிறந்த ஊர் என்று ஸ்காட்லாந்தைச் சொன்னார்கள். அந்தக் குளிரில் பல்செட்டு உறைந்துவிடும் என்றீர்கள். தாய்லாந்து, மலேசியா எல்லாம் பார்த்தோம். படம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கடிகாரம் வேறு. நம் பஞ்சாங்கத்து ராகுகாலத்தை அந்த ஊர் நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். முதல் பந்தை ராகுகாலத்தில் அடிப்பதா என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கு எந்த ராகு வருவான் என்று நான் கேட்டதற்கு, அடிப்பது வெள்ளைக்காரனா என்று என்னை மடக்கினீர்கள்.

கடைசியில் இலங்கை. மலைமேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய மைதானம். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கேயும் நம் கடிகாரம்தான். பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். சனிக்கிழமை காலை ராகுகாலம் கழிந்து ஆட்டம் தொடங்குகிற மாதிரி இரண்டு பேருக்கு இடம் பிடித்தீர்கள். இரணியலில் ரயில் ஏறி திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம். கோயிலுக்குப் போய்வருகிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்.

அப்புறம் அந்தப் பாய் விஷயம். புல் மைதானத்துக்குப் பாய் எதற்கு என்று உலகத்தில் கோல்ஃப் தெரிந்த யாரும் கேட்பார்கள். நீங்கள் அந்த மைதானத்துக்காரருக்கு மெயில் அனுப்பி, என் பாயைக் கொண்டுவர அனுமதி உண்டா என்று கேட்டீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"மணல்ல அடிச்சா காத்து வந்து மூடிரும் மாப்பிளே. புல்லுல அடிச்சா ஒரு துண்டு பேந்துகிட்டுப் போவும். ஒரு நாத்தைக் கால்ல சவுட்டினா எங்க அப்பா பெரம்பு எடுப்பாரு. எனக்கு மனசு வராது."

பதில் வந்தது. பாயைத் தாராளமாகக் கொண்டுவரலாம், ஆனால் தேவைப்படாது, புல் மறுபடியும் வளர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு, எதற்கும் பாயை எடுத்துக்கொள்வோம் என்றீர்கள்.

பயணம் சித்திரைக்கு. நீங்கள் மாசியிலேயே போய்விட்டீர்கள். கும்பப்பூ நெல் அறுத்து, வயல் உங்களுக்காக ஒழிந்து கிடந்த நேரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. அக்கா காப்பி போட்டுக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறாள். நான் வரும்போது அந்தக் காப்பி மேசையில் ஆறிப்போய் இருந்தது. இப்படியா அத்தான் போவது? எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். போனவருக்கு நல்ல சாவுதான்.

மைதானத்துக்காரர்களுக்கு நான்தான் விஷயத்தைச் சொல்லி எழுதினேன். வருந்தினார்கள். இடத்தைக் கான்சல் செய்யவில்லை, எப்போது முடிகிறதோ அப்போது சொல்லுங்கள் என்று எழுதினார்கள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆவணி வாக்கில் ஒருநாள் அக்கா எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த இலங்கை விசயம் என்னலே ஆச்சு?"

இடம் அப்படியே இருக்கிறது என்றேன். "அப்பம் தை மாசத்துக்குச் சொல்லு, நான் போவேன்" என்றாள். மாசியில் வருடத் திவசம். அதுவரை பொறு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நயமாகச் சொன்னேன். ஊர் என்ன சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் என் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம் ஒரே மூலையில இருந்து பழகியாச்சுன்னா பொறவு எனக்கு எழும்ப வராது மக்கா. இப்பம் எழும்பினாத்தான் உண்டு."

உங்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மைதானத்துக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். ராகுகாலம் கழிந்த சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் கேட்டேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள் சுஜா கோயம்புத்தூரிலிருந்து ஷூ வாங்கி அனுப்பினாள். அக்கா வாழ்க்கையில் முதல் ஷூ. கடிக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகச் சொல்லியிருந்தாள். அக்காவும் காலையும் மாலையும் அடுக்களைக்கும் வாசலுக்குமாக ஷூ போட்டு நடந்தாள். அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் அக்கா, நாங்கள் மைனி என்று கூப்பிடும் செண்பகம், நாகர்கோவிலிலிருந்து வந்து படியேறினார்கள். நானும் அங்கே இருந்தேன். இருந்திருக்கவே வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

மைனி முதலில் காலைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் என்ன செருப்பு என்று கேட்டார்கள். அக்கா, செருப்பு இல்லை ஷூ என்றாள். அதோடு விஷயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. மைனிக்கு உங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போன அன்றைக்கு அவர்கள் அழுததைப் பார்த்தவன் நான். கோபத்தில் அவர்கள் குரல் தாழ்ந்துவிட்டது. வருடம் திரும்புவதற்குள் மலை ஏறக் கூடாது, கடல் தாண்டக் கூடாது, இவள் மலையும் ஏறி கடலும் தாண்டப் போகிறாளா, அதுவும் பந்து விளையாட என்று கேட்டார்கள். என்னைப் பார்த்து, உடன்பிறந்தவன் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றார்கள். நான் சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்தேன். வழக்கம்போல நீங்கள் எனக்கு உதவிக்கு வரவில்லை.

அக்கா ஷூவைக் கழற்றவில்லை. மைனிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மைனி, உங்க அப்பா போயி நாப்பத்தொண்ணு நாள் கழியல்ல, இவருக்கு விசா வந்தது. நான் புதுசா கெட்டி வந்தவ. வருசம் திரும்பாம கடல் தாண்டலாமான்னு உங்ககிட்டத்தான் கேட்டேன். சோத்துக்குப் போறவனுக்குத் தோசம் கெடையாதுன்னு சொன்னது நீங்கதான்."

மைனி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள்.

"இருவத்தெட்டு வருசமும் அவரு சோத்துக்குத்தான் கடல் தாண்டினாரு. ஒருக்கா சும்மா தாண்டணும்னு ஆசைப்பட்டாரு, நடக்கல்ல. நான் போய் தாண்டிட்டு வாறேன்."

அக்கா அழாமல் சொன்னாள். மைனி குடிக்க வெள்ளம் கேட்டார்கள். குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்கள். சாப்பிடக்கூட இல்லை. அன்றைக்கு அக்காவும் சாப்பிடவில்லை. மைனி வேண்டாம் என்று சொன்னால் அவர்களை மீறி அக்கா போக மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் புகுந்த வீட்டில் அவளுக்கு அம்மா மாதிரி இருந்தவர்கள் மைனிதானே.

அந்த வாரம் முழுக்கச் சத்தமில்லை. அக்கா ஷூவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் நான் கடையில் ஒருவருக்கு நிறம் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது மைனியிடமிருந்து போன். எடுத்த எடுப்பில் கேள்வி.

"அந்த மலையில கோயில் உண்டா?"

மைதானம் இருக்கிற இடத்தில் இல்லை, போகிற வழியில் ஒன்றிரண்டு இருக்கும்போல என்றேன். அங்கே எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்றார்கள். மலைக்கோயிலுக்குத்தான் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே தவிர, கோயில் இல்லாத மலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சரி, கடலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மைனி அதற்கும் தயாராக இருந்தார்கள்.

"கப்பல்ல போனாத்தானே மக்கா கடல் தாண்டுறது? ஏரோப்பிளேன் வானத்துலல்லா போவுது."

பாருங்கள் அத்தான், ஒரு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கே இந்தப் புத்தி. ராகுகாலத்துக்குத் தகுந்த மாதிரி நாட்டைத் தேடின தம்பிக்கு வானத்தில் வழி தேடின அக்கா. போனை வைப்பதற்கு முன்னால் அங்கே குளிருமா என்று கேட்டார்கள். அடுத்த முறை வந்தபோது ஒரு கம்பளிச் சால்வையும் குரங்குத் தொப்பியும் கொண்டு வந்து அக்காவின் பெட்டிக்குள் அவர்களே வைத்தார்கள். கம்பளி எது தெரியுமா? முதல் லீவில் நீங்கள் மைனிக்குக் கொண்டுவந்த அதே கம்பளி. இத்தனை வருடத்தில் ஒருநாளும் விரித்ததில்லையாம்.

ஆக, பயணம் உறுதி. இனிமேல்தான் எனக்கு வந்த வினையைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இரண்டு பேருக்கு இடம் பிடித்தீர்கள் அல்லவா? அந்த இரண்டாவது இடத்தைக் கான்சல் செய்யலாம் என்று நான் அக்காவிடம் சொன்னேன். வேண்டாம், அதில் நீ ஆடு என்றாள். எனக்கு ஆட்டமே தெரியாது, வேலையற்றவன் விளையாட்டு என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவருடைய இடம் சும்மா கிடக்கக் கூடாது, பை சுமந்தவனுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு என்றாள். கோலிக்குண்டு விளையாடும்போதே அவளிடம் நான் ஜெயித்ததில்லை.

நேற்று வயலில் இறங்கினோம். உங்கள் பையை இறக்கி வைத்து, முதல்முறையாக உங்கள் மட்டையைக் கையில் பிடித்தேன். பிடியில் உங்கள் விரல் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறது. என் விரல் அதில் சரியாகப் பொருந்தவில்லை. உங்கள் கை அவ்வளவு பெரிதா? கவனித்ததே இல்லை.

ஓங்கி ஒரு போடு போட்டேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மண்ணாங்கட்டி மட்டும் அரிதாளோடு பெயர்ந்து வாழைத்தோட்டம் வரை பறந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. மாசிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காக இன்னும் எத்தனை கட்டியை வேண்டுமானாலும் பெயர்க்கலாம் என்று தோன்றியது.

அப்புறம்தான் பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். கை அகலத்துக்கு ஒரு குழி. அரிதாளுக்கே இந்தக் கதி என்றால் அந்த மலைப்புல் என்ன ஆகும்? வளர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள், சரிதான். ஆனால் நீங்கள் ஏன் அந்தப் பதிலை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள் என்று எனக்கு நேற்றுத்தான் பிடிபட்டது. வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த உங்கள் பாயை எடுத்துத் தட்டினேன். இன்னும் அந்த ஊர் மணல் கொட்டுகிறது அத்தான்.

இனி வாக்கு. நீங்கள் கேட்காமலே தருகிறேன்.

அக்கா புல்லில் அடிப்பாள். உங்கள் ஆசையை அவள் ஆடட்டும். உங்கள் முறை வரும்போது நான் உங்கள் பாயை விரித்து, உங்கள் பந்தை அதன்மேல் வைத்து அடிக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு புல்கூடப் பெயராது. பந்து எந்தத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தாலும் தேடி எடுத்துக்கொண்டுதான் அடுத்த குழிக்கு நகர்வேன். பாயை இனிமேல் கால்மிதி என்று சொல்ல மாட்டேன். இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிற நேரத்திலிருந்து திரும்பி வந்து உங்கள் வீட்டுப் படி ஏறும்வரை அது என் அக்குளில்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இத்தனை நாள் உங்கள் பையை மட்டும் சுமந்த,
இனி உங்கள் பாயையும் சுமக்கப்போகும்
உங்கள் மச்சினன்
நீலகண்டன்
மார்த்தாண்டம்